பெங்களூரில் சஸ்டெயினபிலிட்டி வேலையில் இருப்பவர்களை ஒன்று சேர்ப்பது எப்படி?

கேள்வி இது: "திருப்பூர்க்காரி நான். பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு வருடமாக சஸ்டெயினபிலிட்டி பிரிவில், அதாவது சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கெடுத்துக் குறைக்கிற வேலையில், இருக்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. என்னைப் போல இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். எங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? பதிவு செய்ய வேண்டுமா? தமிழர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா?"

"நான் ஒருத்திதான்" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் போய்ப் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலும் இதே கதைதான். ஒரே ஆள், ஒரு மடிக்கணினி. ஆறு துறைகளிலிருந்து எக்ஸல் வரவேண்டும், எதுவும் நேரத்துக்கு வராது. வந்தாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மேலே இருப்பவர் "ரிப்போர்ட் எப்போ?" என்று மட்டும் கேட்பார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகமான பி.இ.இ.யின் தேர்வு எழுதித் தேறிய எரிசக்தித் தணிக்கையாளன். பீன்யா, பொம்மசந்திரா, ஓசூர் என்று பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஆலை ஆலையாக ஏறி இறங்குகிறேன். நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் நடத்துகிறோம், ஒன்பது வருடமாக. அதற்கு இன்றுவரை பெயர் கிடையாது. "ஞாயிற்றுக்கிழமை வர்றீங்களா?" என்று கேட்டால் எதைச் சொல்கிறோம் என்று புரிந்துவிடும்.

பெயர் வைக்காததற்குக் காரணம், பெயர் வைத்து ஒருமுறை பட்டதுதான். அதற்கு முன்னால் ஒரு முயற்சி செய்தோம். லோகோ, பேனர், குத்துவிளக்கு, தலைமை விருந்தினர், மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. நூறு பேருக்கு மேல் வந்தார்கள். விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது மாதம் ஏழு பேர் வந்தோம், அதில் ஐந்து பேர் அமைப்பாளர்கள். வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வேலையில் எங்கே சிக்கிக்கொண்டிருந்தார்கள் என்று நாங்கள் யாரையும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அந்த மேடையில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் இரண்டாவது தடவை தலைகீழாகச் செய்தோம். பன்னிரண்டு பேர், ஒரு மேஜை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தங்கள் வேலையிலிருந்து 'உதைக்கிற கணக்கு' ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சாதித்த கதை வேண்டாம், விருது வாங்கிய படம் வேண்டாம். எந்த எண் ஒத்துவரவில்லை, எந்த அதிகாரி என்ன கேட்டுத் திருப்பி அனுப்பினார், எந்த சப்ளையர் டேட்டா தர மறுக்கிறார் என்று சொன்னால் போதும். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பெரிய விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதைக் காப்பாற்றிக்கொள்வதற்கான வேலிதான்.

இந்த மேஜையில் யார் உட்கார வேண்டும் என்பதில் பலரும் தவறுகிறார்கள். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு ஆட்கள் நாலு வாசல் வழியாக வந்திருக்கிறார்கள். முதலாவது ஈ.எச்.எஸ்., அதாவது சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கழிவுநீர், தொழிலாளர் பாதுகாப்பு என்று பல காலமாக இருக்கும் துறை. அடுத்தது சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-வது பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்ததும், லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்க ஆள் தேவைப்பட்டது. மூன்றாவது ஃபெசிலிட்டி, கட்டடப் பராமரிப்பு: ஏசி, ஜெனரேட்டர், எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்), லிஃப்ட் எல்லாம் அவர்கள் தலையில். நாலாவது நிதித் துறை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 மே மாதம் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சஸ்டெயினபிலிட்டி அறிக்கையின் வடிவத்தை அறிவித்து, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. அதன்பிறகு கம்பெனி செக்ரட்டரியும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டும் கார்பன் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இந்த நாலு பேரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுவார்கள், ஆனால் ஒருவர் பாஷை இன்னொருவருக்குப் புரியாது. நிதிக்காரருக்கு டீசல் என்றால் ரூபாய். ஃபெசிலிட்டிக்காரருக்கு லிட்டர். ஈ.எச்.எஸ்.காரருக்குப் புகைக்குழாயின் உயரம். அறிக்கை எழுதுகிற உங்களுக்குக் கிலோ கார்பன். ஒரே டீசல்தான்.

இந்த நாலு வாசலுக்கும் வெளியே இன்னொருவர் நிற்கிறார், நிஜமாகவே கையை வைத்து வேலை செய்கிறவர். அவரை உள்ளே கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குத் தானாகத் தோன்றவில்லை. தற்செயலாக நடந்தது.

2022-இல் ஒரு மழைக்கால ஞாயிறு. ஓர் அலுவலக வளாகத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் தன் தாளைக் கொண்டுவந்திருந்தார். ஸ்கோப் 1-இல், அதாவது தாங்களே நேரடியாக வெளியிடும் கார்பன் கணக்கில், ஒரே வரிதான் இருந்தது: ஜெனரேட்டர் டீசல், 6,000 லிட்டர். லிட்டருக்கு 2.68 கிலோ என்று போட்டால் 16 டன். "எங்களுடையது சின்னக் கணக்குதான், பிரச்சினை ஸ்கோப் 3-இல்தான்" என்று ஆரம்பித்தார். ஸ்கோப் 3 என்றால் சப்ளையர், போக்குவரத்து என்று வெளியார் வழியாக வருவது. எங்களில் ஒருவர் அன்று தனக்குத் தெரிந்த ஏசி மெக்கானிக்கின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். மழை விடட்டும் என்று அந்த அண்ணனும் உள்ளே வந்து, கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர் வாணியம்பாடி, ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறார்.

"மேடம், காஸ் எழுதலையா?" என்றார்.

"என்ன காஸ்ண்ணா?"

"ஏசி காஸ்தான். ஃபோர் டென். போன வருசம் இதே மாதிரி ஒரு பில்டிங்ல நானே பதினோரு கிலோ ஏத்தினேன். ஃபிளேர் நட் லூஸா இருக்கும், கசிஞ்சு போயிட்டே இருக்கும். சோப்புத் தண்ணி வெச்சுப் பார்த்தா முட்டை விடும். நட்டை மாத்துங்கன்னா மாத்த மாட்டாங்க. காஸ் மட்டும் ஏத்துப்பாங்க."

மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் சொன்ன ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ, ஏறக்குறைய 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பதினோரு கிலோ என்றால் 22 டன். 8,000 லிட்டர் டீசலை எரித்த கணக்கு. அந்தப் பெண் திங்கட்கிழமை போய்த் தன் கட்டடத்தின் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பதிவேட்டைத் தேடி எடுத்தார். 14 கிலோ என்று இருந்தது. 16 டன்னாக இருந்த ஸ்கோப் 1 அன்றைக்கே 44 டன் ஆனது. அடுத்த மாதம் அவர் மேலாளரிடம் வாங்கிய திட்டையும் சொன்னார். அதற்கடுத்த மாதம் நட்டுகளை மாற்றியதையும் சொன்னார்.

அந்த அண்ணன் அதன்பிறகு எங்கள் நிரந்தர உறுப்பினர். கார்பன் கணக்கில் சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை.

எஸ்.டி.பி. ஆபரேட்டர்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில், மோட்டார் சத்தத்துக்கு நடுவே, கிருஷ்ணகிரி, தர்மபுரி, கோலார் பக்கத்துப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருமுறை கூட்டத்தையே சர்ஜாபூர் சாலையில் ஒரு குடியிருப்பின் எஸ்.டி.பி. அறையில் வைத்தோம். ஆபரேட்டர் தம்பி ஒரு லிட்டர் ஜாரில் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்துவிட்டு, "அரை மணி நேரம் பாருங்க" என்றார். நல்ல நிலையில் இருந்தால் பழுப்புச் சேறு மெல்ல இறங்கி அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அன்று சேறு கறுப்பாக இருந்தது, பாதியில் நின்றது, நாற்றம் வேறு. "ராத்திரி ப்ளோயரை ஆஃப் பண்ணச் சொல்றாங்க சார், கரன்ட் பில் ஜாஸ்தின்னு. காத்து இல்லேன்னா பாக்டீரியா செத்துரும்ல?" என்றார். அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் 'மின்சேமிப்பு' என்று பெருமையாக ஒரு வரி இருந்தது. அந்தச் சேமிப்பு எங்கிருந்து வந்தது என்பது ஜாரில் தெரிந்தது. பெல்லந்தூர் ஏரி நுரை கக்கியதையும், 2017, 2018-இல் அதில் தீப்பிடித்ததையும் நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீர் அதற்கு முக்கியக் காரணம். அந்தக் கதையின் ஒரு துளி இந்த ஒரு லிட்டர் ஜார்.

இப்படிப்பட்டவர்கள் இல்லாமல், அறிக்கை எழுதுகிறவர்கள் மட்டும் கூடினால் ஒருவர் அறிக்கையை இன்னொருவர் பாராட்டிக்கொண்டு கலைவோம். ஆகவே பன்னிரண்டு பேரைத் தேடும்போது நாலு பேராவது கையில் ஸ்பேனரோ பதிவேடோ பிடிக்கிறவர்களாக இருக்கட்டும். உங்கள் துறையில் என்றால் சாயப்பட்டறை மாஸ்டர், பாய்லர் ஆபரேட்டர், கழிவுத் துணியை எடுத்துப் போகிற வியாபாரி.

திருப்பூர்க்காரிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது உங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்தே தீர வேண்டும் என்று ஆனதும், ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்த்த பட்டறைக்காரர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்காளிகள் ஆனார்கள். ஆர்.ஓ. எப்படி ஓடுகிறது, எவாப்பரேட்டரில் உப்பு எங்கே அடைக்கிறது என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்காமல் பிழைக்க முடியாத நிலை. நெருக்கடியில் பிறந்த தொழில் சமூகம் அது. நீங்கள் நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பெங்களூரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. குப்பை விஷயத்தில் 2009 வாக்கில் 'சாலிட் வேஸ்ட் மேனேஜ்மென்ட் ரவுண்ட் டேபிள்' என்று ஒரு வட்டம் உருவானது. தங்கள் குடியிருப்பில், தங்கள் தெருவில் கழிவைப் பிரிக்க வைத்துப் பார்த்தவர்கள் அதில் இருந்தார்கள். 2012-இல் மாவள்ளிபுரா குப்பைமேடு மூடப்பட்டு ஊரே நாறியது. மண்டூர் கிராமத்து மக்கள் போராடியதில் அங்கேயும் 2014 கடைசியில் குப்பை கொட்டுவது நின்றது. அடுத்த வருட டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 'இரண்டு தொட்டி, ஒரு பை' முறையைக் கட்டாயமாக்கியது: பச்சைத் தொட்டியில் ஈரக்கழிவு, சிவப்பில் சுகாதாரக் கழிவு, பையில் உலர்கழிவு. அந்த முறையை அதற்கு முன்பே தங்கள் வீட்டுப் படிக்கட்டில் நின்று சோதித்துப் பார்த்தவர்கள் இந்த வட்டத்தில் இருந்தார்கள். இன்னொரு பக்கம், குப்பை பொறுக்குகிறவர்களை அமைப்பாக்கிய ஹசிரு தளா. மாநகராட்சி அவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது 2011-இல். அந்தத் தொழிலாளர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், சிவாஜிநகர் பக்கம் ஒரு விடிகாலை நடந்து பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக் விற்கும், எது விற்காது என்பதை அவர்களைக் கேட்காமல் யாரும் திட்டம் போட்டிருக்க முடியாது.

இனி வேலி விஷயங்கள்.

முதலாவது, நாக்கு. உதைக்கிற கணக்கை ஒருவர் மேஜையில் வைக்கிறார் என்றால் தன் நிறுவனத்தின் ஓட்டையைக் காட்டுகிறார். அது வெளியே போனால் அவர் வேலை போகும். லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற இடத்தில் 1927-இல் ஒரு விதி வைத்தார்கள். கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், யார் சொன்னார், எந்த இடத்துக்காரர் சொன்னார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. நாங்களும் அதைத்தான் வைத்திருக்கிறோம். தமிழில் "சரக்கு போகலாம், சீட்டு போகக் கூடாது" என்போம். போன் எல்லாம் ஒரு துணிப்பையில் போய்விடும். அதற்கு மேல் இரண்டு எச்சரிக்கை. பட்டியலிட்ட நிறுவனத்தில் இருப்பவர்கள் இன்னும் வெளியிடாத எண்களை அங்கே வாசிக்கக் கூடாது. செபியின் உள்தகவல் விதிகள் விளையாட்டல்ல. எண்ணை விட்டுவிட்டு முறையை மட்டும் பேசுங்கள், போன வருட அச்சான அறிக்கையை வைத்துப் பேசுங்கள். அதேபோல், போட்டி நிறுவனத்தார் ஒரே மேஜையில் இருக்கும்போது விலை, டெண்டர் ரேட், எந்த வாடிக்கையாளரை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தால் உடனே நிறுத்துங்கள். போட்டிச் சட்டம் 2002 தொழில் கூட்டமைப்புகளையும் பிடிக்கும்.

இரண்டாவது, விற்க வருகிறவர்கள். கன்சல்டன்ட், சாஃப்ட்வேர், கார்பன் கிரெடிட், சோலார். நானே கன்சல்டன்ட்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நாலு ஆலை ஆட்களுக்கு ஒரு கன்சல்டன்ட்டுக்கு மேல் விடாதீர்கள். வரலாம், கேட்கலாம், கேட்டதற்குப் பதில் சொல்லலாம், ஸ்லைடு மட்டும் போடக் கூடாது. இரண்டாவது வருடம் ஒரு மென்பொருள் நிறுவனம் எங்களுக்கு ஹாலும் காபியும் இலவசமாகத் தந்தது. சந்தோஷமாகப் போனோம். முதல் மாதம் "பத்து நிமிஷம் டெமோ" என்றார்கள். மூன்றாவது மாதம் டெமோ ஒரு மணி நேரம் ஆனது, எங்கள் கணக்கு பத்து நிமிஷம் ஆனது. பன்னிரண்டிலிருந்து நாற்பது பேராகப் பெருகியிருந்த இடத்தில் ஒன்பது பேர். அவர்கள் மேல் தப்பில்லை, வாடகை கொடுத்தவர் வீட்டை ஆள்கிறார். அன்றிலிருந்து தலைக்கு நூறு ரூபாய், டீயும் ஜெராக்ஸும் அதில் அடங்கும். மிச்சம் இருந்தால் பன்.

மூன்றாவது, இடமும் நேரமும். சின்ன விஷயம் மாதிரி இருக்கும், பாதிக் கூட்டங்கள் சாவது இதில்தான். ஐ.டி.க்காரருக்குச் சனி விடுமுறை, பீன்யாவில் பலருக்குச் சனி வேலைநாள். அதனால் ஞாயிறு காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை. நீட்டினால் வீட்டில் சண்டை. இடத்தை மெட்ரோ வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒயிட்ஃபீல்டு ஊதா வழியில், பீன்யா பச்சையில், எலக்ட்ரானிக் சிட்டி 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சளில். மஞ்சள் ஆர்.வி. ரோட்டில் பச்சையைப் பிடிக்கும், பச்சையும் ஊதாவும் மெஜஸ்டிக்கில் சேரும். எனவே மெஜஸ்டிக்கிலிருந்து இரண்டு மூன்று ஸ்டேஷனுக்குள் ஓர் இடம். எங்களுக்கு ஒரு பேராசிரியர் வகுப்பறை திறந்துவிடுகிறார். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு வழியாகக் காரில் வந்துதான் சேர முடியும் என்கிற இடத்தில் கார்பன் பற்றிக் கூட்டம் போட்டால் ஆட்கள் சிரிப்பார்கள்.

வருட அட்டவணையும் முக்கியம். அபாயகரக் கழிவுக்கான ஆண்டு விவரம் ஜூன் 30-க்குள், படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கை செப்டம்பர் 30-க்குள், நடுவில் பி.ஆர்.எஸ்.ஆர். சேரும் ஆண்டறிக்கை. ஏப்ரலிலிருந்து இந்த மக்கள் தலையில் தீ. அப்போது பெரிய தலைப்பு எதுவும் வேண்டாம், "யாருக்கு எந்தப் படிவத்தில் எங்கே மாட்டிக்கொண்டது" என்று மட்டும் உட்காருங்கள். எங்கள் கூட்டங்களில் அதிகக் கூட்டம் வருவது ஜூனில்தான். அக்டோபர், நவம்பரில் ஆற அமர ஆலைக்குப் போய்ப் பார்க்கலாம்.

பொதுவாக ஏதாவது ஒன்றை உருவாக்குங்கள், ஆனால் சின்னதாக. எங்களுடையது ஒரே ஒரு தாள். அது பிறந்த கதை இப்படி. ஒரே ஊரில், ஒரே கிரிட்டில் மின்சாரம் வாங்கும் இரண்டு நிறுவனங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ கார்பன் என்பதற்கு இரண்டு வேறு எண் போட்டிருந்தன. ஒன்றில் மத்திய மின்சார ஆணையத்தின் பழைய பதிப்பில் இருந்த 0.82 கிலோ. இன்னொன்றில் 2022-23-க்கான 0.716. பத்து லட்சம் யூனிட் வாங்குகிறவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 104 டன். பழையதிலிருந்து புதியதற்கு மாறியவர் ஒரு பல்பைக்கூட மாற்றாமல் 104 டன் 'குறைத்துவிட்டார்', பாராட்டும் வாங்கியிருப்பார். அடுத்த வருடம், 2023-24-க்கான எண் 0.727 என்று ஏறியபோது, அவர் ஒன்றுமே செய்யாமல் 'கூடியும்' விட்டது. அன்றைக்கே உட்கார்ந்து, எந்த வருடத்துக்கு எந்தப் பதிப்பு, டீசலுக்கு என்ன, எல்.பி.ஜி.க்கு என்ன, ஏசி காஸுக்கு எந்த அட்டவணை என்று ஒரு பக்கம் எழுதினோம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தோம், எந்தத் தேதியில் என்று இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். நாங்கள் நடத்திய எந்தப் பேச்சும் அந்த ஒரு பக்கம் அளவுக்குப் பயன்படவில்லை.

சில சமயம் அறையில் யாருக்குமே பதில் தெரியாது. அதற்கும் பயப்படாதீர்கள். 2023 அக்டோபரில் ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரிக்கான (இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு விதிப்பது) அறிக்கைகள் தொடங்கியபோது பீன்யாவில் போல்ட், நட் செய்கிற ஒருவர் வாங்குபவரின் மின்னஞ்சலை அப்படியே அச்செடுத்துக்கொண்டு வந்தார். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் என்று பெரிய ஆலைகள் சமாச்சாரம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். திருகாணியும் அந்தப் பட்டியலில் வரும் என்பது அவர் மூலமாகத்தான் எங்களுக்கே தெரிந்தது. மூன்று பேர் அவரோடு மூன்று ஞாயிறு உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் படித்தோம். நிரப்பி முடித்தவர் இன்று அந்தத் தெருவில் நாலைந்து பட்டறைகளுக்குச் சொல்லித்தருகிறார். உங்கள் துறையில் வாங்குபவர்கள் கேட்கும் ஹிக் மாட்யூல் என்ற சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு நீங்கள் அப்படி ஆகலாம்.

பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு வேண்டாம். கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டம் 1960-இன்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம். நம் ஆட்களைப் பொறுத்தவரை எட்டாவது ஆள் வந்ததும் அது இரண்டு சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி வந்துவிட்டால் உதைக்கிற கணக்கு பின்னுக்குப் போய்விடும், பதவி ஏற்பு விழா முன்னுக்கு வரும். பெரிய பணம் கையாளவேண்டிய நாள் வந்தால், அரசுக்கு மனு கொடுக்க முகவரி தேவைப்பட்டால், அப்போது பதிவு செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழு வேண்டும்தான், ஆனால் குட்மார்னிங் படம் போடுகிறவரை முதல் நாளே அன்பாக நிறுத்துங்கள். வேலை காலி அறிவிப்புகளுக்குத் தனிக் குழு வையுங்கள். இல்லாவிட்டால் மேலாளர்கள் "என் ஆளை இழுத்துட்டுப் போறாங்க" என்று யாரையும் வரவிட மாட்டார்கள்.

கடைசியாக மொழி. 'தமிழர்களுக்கு மட்டும்' என்று பலகை வைக்காதீர்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இந்த ஊரில் மொழியை வைத்துச் சங்கம் கட்டுகிறவர் எதைத் தொட்டுப் பேசுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். நடைமுறைக் காரணமும் இருக்கிறது: நம் வேலையில் பாதி வாரிய அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் லைன்மேனிடமும் நடக்கிறது, அங்கே கன்னடம்தான் ஓடும். கன்னடக்காரர் ஒருவரும் இல்லாத குழு அனுமதி விஷயத்தில் நொண்டும்.

ஆனால் தமிழை ஒதுக்கியும் வைக்காதீர்கள். இத்தனை வருடத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசும்போது எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்கள். 'மெட்டீரியாலிட்டி', 'டபுள் மெட்டீரியாலிட்டி' என்று ஓடும். இடைவேளையில் டீ கிளாஸோடு ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, இந்த மெட்டீரியாலிட்டின்னா நிஜமாவே என்னண்ணே?" என்பார். எங்கள் கூட்டத்தின் நல்ல பாதி அந்த டீ நேரத்தில்தான் நடந்தது. அதனால் டீயை நடுவுக்குக் கொண்டுவந்தோம்: கணக்கை எந்த மொழியிலும் சொல்லலாம், சந்தேகத்தைக் கட்டாயம் சொந்த மொழியில்தான் கேட்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒருவருக்கு மலையாளம். பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுப்பார். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று போய்விடுவோம். பாடநூலில் 'வளங்குன்றா வளர்ச்சி' என்று அழகான சொல் இருக்கிறது, ஆனால் எங்கள் அறையில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எஸ்.டி.பி. தம்பி "தண்ணி தெளிஞ்சிருச்சா?" என்றுதான் கேட்பார்.

முதல் கூட்டத்துக்கு யாரும் எதுவும் கொண்டுவர மாட்டார்கள், இது நிச்சயம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் முதல் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், உங்களுக்கே கூச்சம் தருகிற ஒன்றாக. சாயப்பட்டறை சப்ளையர் தந்த தண்ணீர்க் கணக்கை நம்பி அறிக்கையில் போட்டுவிட்டு, பிறகு அது ஒத்துவரவில்லை என்று தெரிந்த மாதிரி ஏதாவது உங்களிடம் கட்டாயம் இருக்கும்.

தொடங்குவதற்கு முன்னால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு வந்து பார்ப்பதானாலும் வாருங்கள். வரும்போது போன வருட டீசல் பில்லும் ஏசி ஏ.எம்.சி. பதிவேடும் கையில் இருக்கட்டும். வாணியம்பாடி அண்ணன் கதவோர நாற்காலியில்தான் இருப்பார், முதல் கேள்வி அவருடையதாகத்தான் இருக்கும்.